பதினெட்டு முகம்

ஏறுங்க தங்கச்சி, சீக்கிரம் ஏறுங்க. ஆஸ்பத்திரி கேட்டுப் பக்கம் நிக்கிறானே செவப்புச் சட்டை, அவன் பாக்குறதுக்குள்ள வண்டிய எடுத்துருவோம். இது அவுக ஆட்டோ ஸ்டாண்டு. நான் இங்கன ஆள் ஏத்தக் கூடாது. பாத்தான்னா சண்டைக்கு வருவான். அவன் கேக்குறதும் நியாயந்தான். எங்க ஸ்டாண்டுல வெளியாளு வந்து ஏத்துனா நான் சும்மா விட்டுருவேனா? போன வருசம் ஒருத்தன் ஏத்தப் போயி, வண்டிச் சாவியப் பிடுங்கி வெச்சுக்கிட்டேன். வில்லாபுரத்துல மூணு ரோடு கூடுற முக்குல எங்க ஸ்டாண்டு. நான்தான் செயலாளர். சோலைமலைன்னு கேட்டா சொல்லுவாங்க. இருபத்திரெண்டு வருசமா அங்க யாரு முன்னால நிக்கணும், யாரு பின்னால நிக்கணும்னு முறை போடுறது நான்தான்.

எங்க போகணும், திருநகரா? மூணாவது ஸ்டாப்பு. சரி. அந்தப் பெரிய கவர மடியில வெச்சுக்கங்க. ஓரத்துல வெச்சா காத்துக்கு மடங்கிரும். ஸ்கேன் படமெல்லாம் மடங்கக் கூடாது, டாக்டர் வைவாரு. யாருக்கும்மா, வீட்டுல? மாமியாருக்கா. அவுக வரலையா? சரி சரி, நான் ஒண்ணும் கேக்கல.

இந்த ஆஸ்பத்திரி எனக்கு அத்துப்படி. எந்த வாசல்ல டோக்கன் குடுக்குறாங்க, எந்தக் கட்டடத்துல கரண்டு வெக்கிறாங்க, கேண்டீன்ல எத்தன மணிக்கு இட்லி தீரும், எல்லாம் தெரியும். ரேடியேசன்னு நீங்க சொல்லுவீங்க, எங்களுக்கு அது கரண்டுதான். எங்க ஸ்டாண்டுல தவசின்னு ஒரு பய. முப்பத்திரெண்டு வயசு. ஸ்டாண்டுல அவனுக்கு எடம் வாங்கிக் குடுத்ததே நான்தான். அவன் சம்சாரம் நாகஜோதிக்கு இந்த நோவு வந்துச்சு. முப்பது கூட ஆகல அந்தப் பிள்ளைக்கு. மிதுனான்னு ஒண்ணாப்புப் படிக்கிற பொம்பளப்பிள்ள ஒண்ணு இருக்கு. நாகஜோதி வீட்டுலயே ஜாக்கெட்டு தைக்கும். எங்க ஏரியாவுல பாதிப் பொம்பளைகளுக்கு அது தைச்ச ஜாக்கெட்டுதான். எங்க வீட்டம்மா ராக்குக்கும் அதுதான் தைக்கும். டேப்பே எடுக்காது. நிக்க வெச்சு ஒருக்காப் பாத்துட்டு வெட்டிரும், அளவு பிசகாது.

மாருல கட்டி. பொம்பளப்பிள்ள உங்ககிட்ட இதச் சொல்லக் கூடாதுதான். ஆனா இதுல மறைக்க என்ன இருக்கு? நோவுதானே, திருட்டா பண்ணிருச்சு? தவசிகிட்டயும் இதத்தான் சொன்னேன். அவன் வந்து காதோரமா சொல்றான், "அண்ணே, ஜோதிக்கு இந்த மாதிரின்னு சொல்லிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லிராதீங்க"ன்னு. "யார்கிட்டயும் சொல்லாம ஒத்தையா என்னடா பண்ணுவ? நீ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா வண்டிய யாரு ஓட்டுறது? பிள்ளைய யாரு பள்ளிக்கூடத்துல விடுறது?"ன்னு கேட்டேன். வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அன்னைக்குச் சாயங்காலமே டீக்கடையில எல்லாரையும் உக்கார வெச்சு விசயத்தச் சொல்லிப்புட்டேன். சொல்லாம எப்படிம்மா செய்யிறது?

எங்க ஸ்டாண்டுல பதினெட்டு வண்டி. தவசி வண்டிய விட்டா பதினேழு. எந்த நாளு எந்த வண்டி ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டி பிள்ளைய பள்ளிக்கூடத்துல விடுறதுக்குன்னு முறை போட்டேன். 'நாகஜோதி ஆஸ்பத்திரி முறை'ன்னு தலைப்புப் போட்டு, அட்டையில எழுதி, டீக்கடைத் தூணுல தொங்கவிட்டேன். எல்லாருக்கும் தெரியணும்ல. ஒருத்தன் ஒரு நாள் தவறல. ஜான்பீட்டருக்கு அன்னைக்கு மச்சினன் கல்யாணம். பட்டு வேட்டியோட வந்து கூட்டிட்டுப் போயி, ஊசி மருந்து ஏறி முடியிற வரைக்கும் வாசல்லயே கெடந்து, திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டுத்தான் பந்திக்குப் போனான். சாப்பாட்டப் பொம்பளைக பாத்துக்கிட்டாங்க. கஞ்சி, ரசம், இடியாப்பம்னு ராக்கு வீடு வீடாப் பிரிச்சு விட்டா. அந்தப் பிள்ளையோட கூடப் பொறந்த அண்ணன் தேனியில இருக்கான். ஒரே ஒரு தடவ வந்து ஆறு ஆப்பிள வெச்சுட்டுப் போனான். நீங்களே சொல்லுங்க, யாரு சொந்தம்?

வெறுமன ஏத்தி எறக்குறது மட்டுமில்ல, பேச்சுத் தொணையாவும் இருப்போம். சிக்னல்ல நிக்கும்போது பக்கத்து ஆட்டோக்காரன்கிட்ட "இதுதாம்ப்பா நான் சொன்ன அந்தப் பிள்ள"ன்னு காட்டுவோம். அவன் எட்டிப் பாத்து, "தைரியமா இரும்மா, எங்க சித்திக்கும் இதேதான் வந்துச்சு"ம்பான். சித்தி இருக்காளா போயிட்டாளான்னு சொல்றதுக்குள்ள பச்சை விழுந்துரும். இந்தப் பிள்ள துப்பட்டாவ நெத்தி வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு அங்கிட்டுத் திரும்பிக்கிரும். முடி போயிருச்சுல்ல, வெக்கம். எங்ககிட்ட என்ன வெக்கம்னு நானே எத்தனையோ தடவ சொல்லிருக்கேன்.

இந்தப் பழங்காநத்தம் ரவுண்டானாவத் தாண்டிட்டா அப்பறம் ரோடு நல்லாருக்கும். குலுங்குதா? பைய போறேன்.

மூணாவது ஊசியப்ப ரத்தம் வேணும்னுட்டாங்க. ஓ நெகட்டிவ். லேசுல கெடைக்கிற ரத்தமில்ல. அப்பத்தான் ஃப்ளெக்ஸ் வெப்போம்னு யோசனை வந்துச்சு. என் யோசனைதான். காது குத்துக்கு வெக்கிறோம், சடங்குக்கு வெக்கிறோம், எவனோ எங்கயோ பதவிக்கு வந்ததுக்கு வெக்கிறோம். உசுருக்குப் போராடுற பிள்ளைக்கு வெக்கக் கூடாதா? தவசிகிட்டயும் சொன்னேன், "டேய், ஜோதிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வெக்கிறோம்"னு. தலைய ஆட்டுனான். ஆட்டுனானா குனிஞ்சானான்னு இப்ப யோசிச்சா வெளங்கல. ஆனா வேணாம்னு வாயத் தொறந்து சொல்லல.

ஃப்ளெக்ஸ் கடை பாஸ்கரன் ஒரு வழி சொன்னான். "நாளைக்கே வேணும்னா எல்லாரு படத்தையும் வாங்கி ஒட்ட நேரமில்லண்ணே. போன வருசம் அய்யாவு அண்ணன் இறந்தப்ப உங்க ஸ்டாண்டுக்கு ஒண்ணு அடிச்சேன்ல, அது கம்ப்யூட்டர்லயே இருக்கு. அதுல எல்லாரும் இருக்கீங்க. நடுவுல இருக்குற ஆளையும் எழுத்தையும் மட்டும் மாத்திருவோம்"னான். வேலை மிச்சம்னு நானும் சரின்னுட்டேன். நடுவுல நாகஜோதி. சுத்தி வர வட்ட வட்டமா எங்க மூஞ்சிக, எல்லாரும் கும்பிட்ட கையோட. தவசியும் எடது பக்கத்து ஓரத்துல கும்பிட்டுக்கிட்டு நின்னான், பழசுலயே இருந்தான்ல. நாகஜோதி படத்த அது வாட்ஸப்புல வெச்சிருந்த படத்துல இருந்து எடுத்துக்கிட்டோம். மல்லிகைப்பூவெல்லாம் வெச்சு, சிரிச்ச மொகம். மேல கொட்டை எழுத்துல, 'மார்பகப் புற்றுநோயோடு போராடும் எங்கள் அன்புத் தங்கை நாகஜோதி பூரண நலம் பெற வேண்டுகிறோம்'. அடியில ரத்தம் குடுக்குறவங்களுக்கு என் போன் நம்பரு. ஓரத்துல ஒரு குத்துவிளக்கு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அய்யாவுக்கு வெச்சது. "எடுத்துரவா"ன்னு பாஸ்கரன் கேட்டான். விளக்கு மங்களந்தானேப்பா, இருந்துட்டுப் போகுதுன்னேன்.

முக்குல, எல்லாரும் படிக்கிற மாதிரி ஆள் ஒசரத்துக்கு மேல கட்டுனோம். கட்டுன அன்னைக்கே போன் வந்துச்சு. நாலு பேரு ரத்தம் குடுத்தாங்க தங்கச்சி. முன்னப் பின்ன தெரியாத நாலு பேரு. ஒருத்தரு மேலூர்ல இருந்து பஸ் ஏறி வந்தாரு. அத யாரும் மறந்துறக் கூடாது. அந்த ரத்தம் அந்தப் பிள்ள ஒடம்புலதான் இன்னைக்கும் ஓடுது. ரெண்டு பேரு மட்டும் போன் பண்ணி "எப்ப எடுக்குறீங்க"ன்னு கேட்டாங்க. "எத எடுக்குறது?"ன்னேன். "பாடிய"ன்னாங்க. எழுத்தப் படிக்காம விளக்கப் பாத்துட்டுக் கேட்டா அதுக்கு நான் என்ன பண்றது?

பள்ளிக்கூடத்துலயும் பிள்ளைக மிதுனாகிட்ட "உங்கம்மா செத்துப்போச்சா"ன்னு கேட்டிருக்குதுக. அது வீட்டுக்கு வந்து, படுத்திருந்த அம்மா மூக்குக்கிட்ட வெரல வெச்சு வெச்சுப் பாத்துச்சாம். இது பெறகு ராக்கு சொல்லித்தான் எனக்குத் தெரியும். சின்னஞ்சிறுசுக என்னத்தையாவது பேசத்தான் செய்யும். அதுக்காக?

மறுநா காலையில பத்து மணி இருக்கும். பதினோரு வண்டி லைன்ல நிக்குது. நாகஜோதி நடந்து வர்றா. தலையில துண்டு. கையில துணி வெட்டுற கத்திரி. டீக்கடைக்காரரு ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறுனா. ஊசி போட்ட ஒடம்பு, ஸ்டூலு ஆடுது. "ஏ பிள்ள, விழுந்துருவ"ன்னு ஓடிப்போயி ஸ்டூலப் பிடிச்சுக்கிட்டேன். என்னத் திரும்பிக் கூடப் பாக்கல. ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டுற மாதிரி கத்திரிய வளைச்சு வளைச்சு, தன் மொகத்த மட்டும் வெட்டி எடுத்துச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு எறங்கிப் போயிட்டா. ஸ்டூலப் பிடிச்சுக்கிட்டிருந்தவனுக்கு ஒரு வார்த்தை கெடையாது.

நடுவுல ஓட்டை. சுத்தி வர நாங்க பதினெட்டுப் பேரு கும்பிட்டுக்கிட்டு நிக்கிறோம். ஓட்டை வழியாப் பின்னால இருக்குற பஞ்சர் கடை தெரியுது. ரோட்டுல போறவன் வர்றவனெல்லாம் நின்னு பாத்துச் சிரிச்சுட்டுப் போறான். தவசி வந்து, "நான் கழட்டிர்றேண்ணே"ன்னான். "தொடாத. நாங்க என்ன தப்புப் பண்ணோம், அவுத்து ஒளிச்சு வெக்கிறதுக்கு?"ன்னு கத்திப்புட்டேன். மூணு வாரம் அப்படியேதான் கெடந்துச்சு.

எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. என்னைய நாலு பேரு முன்னால அறைஞ்சிருந்தாக் கூட வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். ஆனா முறைய நிறுத்தல. கோவம் வேற, முறை வேற. ஆடிக் கடைசியில ஆப்ரேசன் முடிஞ்சுச்சு. அன்னைக்கு ஆறு வண்டி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுச்சு. டாக்டரே கேட்டாராம், யாரு இவங்கன்னு. தவசி என்ன சொன்னானோ தெரியல.

ஆவணிக் கடைசியில கரண்டு வெக்க ஆரம்பிச்சாங்க. இருபத்தஞ்சு நாளு, சனி ஞாயிறு நீங்கலா. மொத வாரம் எங்க வண்டியிலதான் போச்சு. ரெண்டாவது வாரம் திங்கக்கெழம என் முறை. எட்டு மணிக்கு வீட்டு வாசல்ல போயி ஹாரன் அடிக்கிறேன், வீடு பூட்டிக் கெடக்கு. பக்கத்து வீட்டுப் பொம்பள சொல்லுது, பஸ்ஸுக்குப் போயிருச்சேன்னு. டவுன் பஸ்ஸுக்கு. பதினேழு ஆட்டோ நிக்கிது, அது லேடீஸ் ஃப்ரீ பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போகுது. ஆட்டோக்காரனுக்கு இதவிட வேற என்ன அவமானம் வேணும்? கரண்டு வெச்ச எடம் தோலு கறுத்து உரிஞ்சு கெடக்கும், துணி பட்டாலே எரியும். அதோட கூட்டத்துல இடிபட்டுப் போகுது.

தவசியப் பிடிச்சுக் கேட்டேன். "அவளுக்கு அதான் சௌரியமா இருக்காம்ணே"ன்னான். "என்னடா சௌரியம்?"

"பஸ்ல யாரும் எப்படி இருக்குன்னு கேக்குறதில்லையாம்."

எப்படி இருக்குன்னு கேக்குறது ஒரு குத்தமா தங்கச்சி?

மறுநா மனசு கேக்கல. அந்தப் பஸ்ஸு பின்னாலயே வண்டிய எடுத்துக்கிட்டுப் போனேன். வெறும் வண்டி. பஸ்ஸு நின்னா நானும் நிக்கிறேன், பஸ்ஸு போனா நானும் போறேன். ஆறு பேரு கைய நீட்டுனாங்க, ஏத்தல. கண்டக்டரு ஒரு மாதிரியாப் பாக்குறான்.  அந்தப் பிள்ள எங்கயாவது மயங்கி விழுந்துட்டா தூக்க ஒரு ஆளு வேணும்ல. ஆஸ்பத்திரி ஸ்டாப்புல ரெண்டு பொம்பளைக கையப் பிடிச்சுக்கிட்டு எறங்குனாங்க. ஒண்ணு நாகஜோதி. இன்னொண்ணு எங்க வீட்டம்மா.

சிந்தாமணியில அக்கா வீட்டுக்குப் போறேன்னு என்கிட்டச் சொல்லிட்டு வந்தவ. சரி, தொணைக்கு வந்திருக்கா போலன்னு நெனச்சேன். சொல்லாம வந்தாளேன்னு கோவம், இருந்தாலும் நல்ல காரியந்தானேன்னு ஒரு பெருமை. பின்னாலயே உள்ள போனேன். நாகஜோதி கரண்டு வெக்கிற பக்கம் போயிருச்சு. ராக்கு அங்க போகல. வேற ஒரு வரிசையில போயி உக்காந்தா. கையில ஒரு சீட்டு. கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து "ராக்கு, ராக்கு"ன்னு கூப்பிட்டாங்க. இவ எந்திரிச்சுப் போறா.

நான் அங்கனயே தூணப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அரை மணி நேரம் கழிச்சு வெளிய வந்தா. என்னப் பாத்து அவ திடுக்கிடக் கூட இல்ல.

"என்ன இது?"ன்னேன்.

"கட்டி"ன்னா.

"எம்புட்டு நாளா?"

"ஆடியில இருந்து. ஜாக்கெட்டு அளவு பாக்கும்போது ஜோதிதான் பாத்துச்சு. அதுதான் டாக்டர்கிட்டக் கேட்டு வரச் சொல்லுச்சு."

தன் ஒடம்புல ஊசி ஏறிக்கிட்டிருக்கு, அதுல இதையும் பாத்திருக்கு அந்தப் பிள்ள. அத அப்பறமாத்தான் யோசிச்சேன். அந்த நேரத்துல என் வாயில வந்தது ஒண்ணுதான். "என்கிட்ட ஏன் சொல்லல?"

ராக்கு பெஞ்சுல உக்காந்திருக்கவங்களத் திரும்பிப் பாத்தா. பெறகு கிட்ட வந்து, பையச் சொன்னா. "உன்கிட்டச் சொன்னா எனக்கும் முக்குல படம் வெப்ப."

இருபத்தெட்டு வருசம் தங்கச்சி. இருபத்தெட்டு வருசம் ஒரே பாயில படுத்து எந்திரிச்சிருக்கோம். எனக்குக் காய்ச்சல்னா என் மூச்ச வெச்சே கண்டுபிடிச்சிருவா. அவளுக்கு ரெண்டு மாசமா உள்ளுக்குள்ள அம்புட்டு பயம் இருந்திருக்கு. பக்கத்துலயே கெடந்திருக்கேன், எனக்குத் தெரியல. தெரியவிடல. எங்க வீட்டுலயே என்னைய வெளியாளாக்கிட்டாங்க ரெண்டு பேரும்.

இல்லம்மா, கடவுள் புண்ணியம், அது வெறும் கொழுப்புக் கட்டின்னு வந்துருச்சு. அந்தச் சீட்டையும் ரெண்டு பேருந்தான் பஸ்ல போயி வாங்கிட்டு வந்தாங்க. எனக்கு ஒருக்காக் காட்டிட்டு, மடிச்சுப் பீரோவுல வெச்சுக்கிட்டு, "ஸ்டாண்டுல சொல்லிராத"ன்னா. நான் சொல்லல. சாமி சத்தியமா ஒரு ஆள்கிட்டச் சொல்லல. இப்ப உங்ககிட்டச் சொல்றதுதான். நேத்து ஒருத்தர்கிட்டச் சொன்னேன், அவரு விருதுநகர்க்காரரு, இங்கன வரவே மாட்டாரு.

பசுமலை ஏத்தம். கொஞ்சம் மெதுவாத்தான் ஏறும் வண்டி.

சரி, நடந்தது நடந்துபோச்சுன்னு விட்டேன். என்ன இருந்தாலும் சின்னப் பிள்ள, நோவுல கெடந்த பிள்ள. ஆயுத பூஜைக்குள்ள கரண்டெல்லாம் முடிஞ்சிரும்னு தவசி சொன்னான். ஆயுத பூஜைதான் எங்களுக்குத் தீபாவளி. அன்னைக்கு எல்லா வண்டியும் கழுவி, சந்தனம் வெச்சு, வாழைக்கன்னு கட்டி லைனா நிக்கும். அந்த மேடையிலயே நாகஜோதிக்குச் சால்வை போட்டுருவோம், பொழச்சு வந்த பிள்ளைய ஊரு பாக்கட்டும்னு முடிவு பண்ணேன். ராக்குகிட்டச் சொன்னேன். "வேணாம்"னா. ஒரே ஒரு தடவதான் சொன்னா. அதுக்குப் பெறகு ஒண்ணும் சொல்லல. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். எங்க வீட்டம்மா ஒரு விசயத்த ஒரு தடவ மட்டும் சொல்ற ஆளே கெடையாது.

பந்தல் போட்டு, மைக் செட்டுக் கட்டி, பொரிகடலை வாங்கி, பச்சைக் கலர்ல ஒரு சால்வை வாங்கி வெச்சாச்சு. பதினேழு வண்டி நிக்குது. முறைப்படி தவசி அன்னைக்கு பதினோராவது. நான் அவனுக்கு மொத எடத்த விட்டு வெச்சிருந்தேன். இருபத்திரெண்டு வருசத்துல நான் முறைய மாத்துனது அந்த ஒரு தடவதான். பத்தாச்சு, பதினொண்ணாச்சு. மைக்குல பேரச் சொல்லிக் கூப்பிடுறேன், "தங்கை நாகஜோதி அவர்கள் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்"னு. போன் போகல. ஜான்பீட்டர் ஒரு மாதிரியா என்னப் பாத்தான். நானே நடந்து போனேன், சால்வையோட.

வீடு தொறந்து கெடக்கு. உள்ள ஒண்ணுமில்ல. வீட்டுக்காரம்மா கூட்டிக்கிட்டிருக்கு. "காலையில ஆறு மணிக்கே சாமானெல்லாம் ஏத்திட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா? உங்க வீட்டம்மாதானே கூட நின்னு ஏத்திவிட்டாங்க"ன்னு சொல்லுது.

நாங்க எல்லாரும் வண்டி கழுவிக்கிட்டிருப்போம், ஒருத்தனும் தெருவுக்குள்ள வர மாட்டான்னு நாளு பாத்துப் போயிருக்காங்க. எங்க பண்டிகையப் பாத்து. அந்த மூலையில தையல் மெசின் இருந்த எடத்துல ஃப்ளெக்ஸ் சுருள் ஒண்ணு கெடந்துச்சு. பிரிச்சுப் பாத்தா நாகஜோதி மொகம், மல்லிகைப்பூவோட சிரிக்கிது. வேணாம்னு விட்டுட்டுப் போயிருக்கு. நீங்க உக்காந்திருக்க சீட்டுக்குப் பின்னாலதான் இருக்கு அது. குப்பையில போட எனக்குக் கை வரல.

மத்தியானத்துக்கு மேல தவசி போன்ல பேசி அனுப்பிருந்தான். நெதமும் ஒரு தடவயாவது கேப்பேன், மனப்பாடமே ஆகிப்போச்சு. "அண்ணே, மன்னிச்சிருங்க. நீங்க செஞ்சத எங்க தலைமுறைக்கும் மறக்க மாட்டோம். ஜோதிக்குத் தன்னைய யாருக்கும் தெரியாத தெரு ஒண்ணு வேணுமாம்." அம்புட்டுத்தான். பின்னால மிதுனா ஏதோ பாடிக்கிட்டிருக்கிற சத்தம் கேக்குது.

யாருக்கும் தெரியாத தெரு வேணுமாம். தெரியாத தெருவுல மயங்கி விழுந்தா யாரு தூக்குவா? சால்வைய ஸ்டாண்டுப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டேன். எல்லாருக்கும் பொரிகடலை குடுத்து அனுப்பிட்டேன். அன்னைக்கு நான் அழுதேன். வண்டிக்குள்ள உக்காந்து அழுதேன். சொல்லிக்கிறதுல எனக்கு ஒண்ணும் வெக்கம் கெடையாது, நான் எதையும் மறைக்கிற ஆளில்ல.

இப்ப எங்க இருக்காங்கன்னு ராக்குக்குத் தெரியும். மாசத்துக்கு ஒரு தடவ துணிய எடுத்துக்கிட்டுப் போறா, புது ஜாக்கெட்டோட வர்றா. கழுத்து வெட்டப் பாத்தாலே யாரு தைச்சதுன்னு தெரியும் எனக்கு. எந்தத் தெருடின்னு கேட்டா, "ஏன், உனக்குச் சட்டை தைக்கணுமா?"ங்குறா. நல்லாருக்கான்னு கேட்டா, "ம்"ங்குறா. ஒரு எழுத்து. எழுபது தடவைக்கு மேல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி விட்டிருக்கோம், அதுக்கு எனக்குக் கெடைக்கிறது ஒரு எழுத்து.

நாலு நாளா அந்தக் கேட்டுல ஏன் நிக்கிறேன்னு கேட்டீங்கள்ல? கேக்கலையா? சரி, நானே சொல்றேன். கரண்டு முடிஞ்சு மூணு மாசத்துல செக்கப்புக்கு வரணும். கணக்குப்படி இந்த வாரம். அந்தப் பிள்ள இந்த வாசல் வழியாத்தான் வந்தாகணும். அதுக்காக என் ஸ்டாண்டுல என் முறைய விட்டுட்டு, அடுத்தவன் எடத்துல திருட்டுத்தனமா ஆள் ஏத்திக்கிட்டு நிக்கிறேன். முறை முறைன்னு கெடந்த சோலைமலை. பாத்தா என்ன பண்ணுவேன்னா கேக்குறீங்க? நல்லா நாலு வார்த்தை வையணும்னுதான் மொத நாளு வந்தேன். இப்ப அதெல்லாம் இல்ல. தலையில முடி மொளச்சிருக்கான்னு பாக்கணும். எப்படி இருக்கன்னு ஒரு வார்த்தை கேக்கணும். அதக் கேக்கக் கூடாதாமே.

என்னம்மா, இங்கயேவா? இது மொத ஸ்டாப்புதானே. மூணாவதுன்னீங்க. இல்லம்மா, வெயிலு சுள்ளுன்னு அடிக்குது, வீட்டு வாசல்லயே எறக்கி விடுறேன், எனக்கு ஒண்ணும் செரமமில்ல. கடைக்குப் போகணுமா? போயிட்டு வாங்க, நிக்கிறேன். வேணாமா. நடந்தே போயிருவீங்களா. சரி.

மாமியாருக்கு அடுத்து எப்ப வரச் சொல்லிருக்காங்க? ஒங்க நம்பரு இருந்தா குடுங்க, வேற ஒண்ணுக்கும் இல்ல, எங்க பயலுகள்ல யாரையாவது... சரி. சரிம்மா, வேணாம்.

தங்கச்சி. ஏ தங்கச்சி, நில்லுங்க. கவர விட்டுட்டுப் போறீங்க. இந்தாங்க, பிடிங்க. பேரும் வயசும் மேலயே எழுதிருக்கு. மாமியாருக்கு முப்பத்தி... இல்ல இல்ல. நான் படிக்கல. சத்தியமா நான் படிக்கல தங்கச்சி.